சரத்: வீரரைச் சுமக்கும் கவச ஊர்தி

நாற்று நடுமுன் உழவர் வயலைப் பரம்படிப்பர். பரம்புப் பலகையின்மேல் ஆள் ஏறி நின்றாலும் அது சேற்றில் புதைவதில்லை. அதே வயலில் இறங்கிய மாட்டுவண்டியின் சக்கரமோ அச்சுவரை அமிழ்ந்துவிடும். பலகையின் பாரம் பரந்த இடத்தில் பகிரப்படுவதே காரணம். சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை ஓடும் ஊர்திகள் இந்த உண்மையைக் கொண்டே சேற்றையும் மணலையும் கடக்கின்றன.

1916ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்சின் சோம் போர்க்களத்தில் பிரிட்டானியர் முதன்முதலாக டாங்கிகளை இறக்கினர். டாங்கிகள் முள்வேலியை மிதித்துச் சென்றன. உடன் நடந்து வந்த காலாள் வீரருக்கோ தலைக்கவசமன்றி வேறு கவசமில்லை. அவர்களையும் இரும்புக்குள் வைத்துக் கொண்டுசெல்லும் நோக்குடன், முப்பது பேரை ஏற்றவல்ல ‘மார்க் 9’ என்னும் ஊர்தி 1918இல் உருவாயிற்று.

இந்தியத் தரைப்படையில் அப்பணியைச் செய்வது ‘சரத்’. சோவியத் நாட்டின் பி.எம்.பி.-2 ஊர்தியே உரிமம் பெற்று, 1987 முதல் இப்பெயரில் இங்கு ஆக்கப்படுகிறது. வெற்றித் தேர் என்று இதற்குப் பொருள் கூறுவர். ஊர்தி உருவாவது மேடக் படைக்கலத் தொழிற்சாலையில். அதன் எஞ்சின் பிறப்பது ஆவடியில். திருவனந்தபுரத்திலிருந்து செல்லும் மெயில் வண்டி, சென்னை நகருக்குள் நுழையுமுன் கடக்கும் அதே ஆவடிதான்.

சரத்தின் எடை ஏறத்தாழ 14 டன். இயக்குவோர் மூவர், பின்புறம் அமர்வோர் எழுவர். சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இத்தனை எடையுள்ள இரும்பு நீரில் மிதக்கவும் செய்யும் என்பதே வியப்பு! அங்கே பட்டைகளே துடுப்பாகின்றன. வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர்.

மிதப்பதற்கு ஒரு விலையுண்டு. கவசத்தைத் தடிப்பாக்கினால் ஊர்தி மூழ்கும். ஆகவே அது துப்பாக்கிக் குண்டையும் வெடிச்சிதறலையும் தாங்கும். கண்ணிவெடிக்கும் டாங்கியின் குண்டுக்கும் ஈடுகொடாது. இடத்தை மிச்சப்படுத்தப் பின்கதவுகளின் உட்புறத்திலும் எரிபொருள் நிரப்பப்படுகிறது. உள்ளே அமர்ந்திருப்போர் இதனை நன்கறிவர்.

30 மில்லிமீட்டர் பீரங்கியைக் கண்டு இதனை டாங்கி என்று எழுதுவோர் உளர், அது பிழை. டாங்கி போரிடுவதற்கென்றே அமைந்தது. சரத் வீரரை இறக்கிவிட்டுத் துணைநின்று போரிடுவது. ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் இதே உடலில் 81 மில்லிமீட்டர் மார்ட்டரைப் பொருத்தியது. காயமுற்றோரைக் களத்திலிருந்து மீட்கும் ஆம்புலன்சாகவும் சரத் மாற்றியமைக்கப்பட்டுள்ளது.

பயிற்சி
1. பரம்புப் பலகையும் இரும்புப் பட்டையும் எவ்வகையில் ஒத்தவை?
2. சரத்தின் கவசம் தடிப்பாக இல்லாதது ஏன்?
3. பிரித்து எழுதுக: முள்வேலி, போர்க்களம், வெடிச்சிதறல்.