ராஸ்பெர்ரி பைக்கு கெர்னல் மாட்யூல்: எங்கே கம்பைல் செய்வது?

சொந்தமாக மாட்யூல் கட்டத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. டிஎஸ்3231 கடிகாரச் சில்லை வாங்கிவிட்டு டிரைவர் தேடி அலைபவர்கள் உண்டு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் கெர்னலோடு அது ஏற்கெனவே வருகிறது. கான்ஃபிக் கோப்பில் 'டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231' என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்தால் போதும்.

கெர்னலில் டிரைவர் இல்லை, கையில் இருப்பதோ ஒரே ஒரு பை 4 அல்லது 5 என்றால், போர்டிலேயே கம்பைல் செய்வதுதான் சுலபம். ஹெடர் தொகுப்பை நிறுவி 'மேக்' கொடுத்தால் சின்ன டிரைவர் சட்டென்று தயார். ஆனால் ஹெடரும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'இன்ஸ்மாட்' மாட்யூலை ஏற்காது. எந்தப் பதிப்பு எந்தப் பதிப்போடு பொருந்தவில்லை என்பதை கெர்னல் லாக் சொல்லிவிடும்.

2023-இல் இது வேறு வடிவில் பலரைப் படுத்தியது. 32-பிட் ஓஎஸ் இருந்த பை 4 போர்டுகள், ஓர் அப்டேட்டுக்குப் பிறகு தாமாகவே 64-பிட் கெர்னலில் பூட் ஆகத் தொடங்கின. 'யூநேம் -எம்' 64-பிட் என்றது. ஜிசிசியோ 32-பிட்டிலேயே நின்றது. அதுவரை கம்பைல் ஆன மாட்யூல் திடீரென்று அடம்பிடித்தது. கான்ஃபிக் கோப்பில் 'ஆர்ம்_64பிட்=0' என்று எழுதிய பிறகே பழைய நிலை திரும்பியது.

கெர்னல் அடிக்கடி அப்டேட் ஆகும் போர்டுக்கு டிகேஎம்எஸ் ஏற்றது. டெல் நிறுவனம் உருவாக்கிய கருவி இது. புதிய கெர்னல் வந்ததும் மாட்யூலைத் தானே மறுபடி கட்டும். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் கெர்னலின் உள் ஃபங்ஷன்களே மாறினால் டிகேஎம்எஸ் கைவிரித்துவிடும். 6.4 பதிப்பில் 'கிளாஸ்_கிரியேட்' ஃபங்ஷனிலிருந்து ஒரு ஆர்கியுமென்ட் நீக்கப்பட்டது. பழைய பாடநூல் எடுத்துக்காட்டுகள் பல அன்றோடு கம்பைல் ஆகாமல் போயின.

512 எம்பி நினைவகமும் ஒற்றைக் கோர் பிராசசரும் கொண்ட பை ஸீரோவில் முழுக் கெர்னலையும் கட்ட உட்கார்ந்தால் பொறுமை தீர்ந்துவிடும். அங்கே லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய்வதே வழி. கெர்னல் கான்ஃபிகை மாற்றுபவர்களுக்கும் இதுதான். 'மாட்யூல்ஸ்_பிரிப்பேர்' மட்டும் ஓட்டி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கவனிக்க: மாட்வெர்ஷன்ஸ் இயக்கத்தில் இருந்தால் அது போதாது. சிம்பல் பட்டியல் முழுக் கெர்னலையும் கட்டினால்தான் உருவாகும்.

விற்பனைக்குப் போகும் கருவி என்றால் பில்ட்ரூட். கெர்னல், மாட்யூல், ரூட் ஃபைல்சிஸ்டம் மூன்றும் ஒரே இமேஜாக வரும். பதிப்பு முரண்பாட்டுக்கு இடமில்லை. இதே வேலையைச் செய்யும் யோக்டோவைக் கற்க அதிக நாள் பிடிக்கும். பல மாடல் போர்டுகளைப் பராமரிப்பவர்களுக்கே அந்த உழைப்பு கட்டுபடியாகும்.

பெயர் தெரியாத மலிவு போர்டு வாங்குபவர்கள், அதன் கெர்னல் சோர்ஸைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கிறாரா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சோர்ஸும் ஹெடரும் இல்லாத போர்டில் இந்த வழிகளில் எதுவும் பலிக்காது.