வணிகர் வாக்குறுதியும் தொழிலாளர் உரிமையும்

எம் ஊராகிய நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பெயர் பெற்றது. உழவர் விரலி வேறு, கிழங்கு வேறாகப் பிரித்து, மூட்டை கட்டி ஏலத்திற்குக் கொணர்வர். கொள்வோர் எத்துணை நல்லவரேயாயினும், அவர்தம் சொல்லொன்றையே நம்பி மூட்டையை ஒப்புவிக்கும் உழவர் ஒருவரும் இலர். தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். நிறுக்குங்கால் பொருளுக்குரியவன் அருகில் நிற்றல் வேண்டும். பிழை நேரின் முறையிட ஓர் இடம் வேண்டும். இஃது வணிகர்மீது கொண்ட வெறுப்பன்று. வணிகம் நிலைபெறுதற்குரிய வழியேயாம். இவ்வெளிய நியாயத்தைக் கொண்டு பெரியதொரு வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

கம்பெனிகள் சட்டத்தின் கட்டாயமின்றித் தாமாகவே ஏற்கும் நன்னடத்தை விதிகள் மக்களின் உரிமைகளை மெய்யாகவே காக்கின்றனவா என்பதே அவ்வினா. சென்ற நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் மேனாட்டு ஆடைக் கம்பெனிகள் பல இத்தகைய விதிகளை வகுத்து வெளியிட்டன. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராயிருந்த கோபி அன்னான் அவர்கள் தொடங்கிய உலக ஒப்பந்தமும் இவ்வகையினதே. சிறுவரை வேலைக்கு அமர்த்தோம், எவரையும் கட்டாயப்படுத்தி உழைப்பியோம், சங்கம் அமைக்குந் தொழிலாளரைத் தடுப்போமல்லோம் என்பன அவற்றின் சாரம். சொற்கள் நல்லன. செயல் யாது?

சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றொரு முறை வழங்கிற்று. வறிய குடும்பத்து இளம்பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைப்பின், முடிவில் திருமணச் செலவிற்கென ஒரு தொகை பெறுவர். அத்தொகையோ பெரும்பாலும் அவர்தம் கூலியினின்று பிடித்து வைத்ததேயாம். நோயுற்று இடையில் விலகினோர் பலர் அதனை இழந்தனர். தம் விருப்பப்படி வெளியிற் செல்லவும் அவர்கட்கு உரிமையில்லை. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011இல் இக்கொடுமையை அறிக்கையாக வெளியிட்டன. மீண்டும் 2014இல் தமிழ்நாட்டு நூற்பாலைகள் ஐந்தனை ஆராய்ந்தபோதும் குறைகள் நீங்கவில்லை. இந்நூலால் நெய்த ஆடைகளை வாங்கிய கம்பெனிகள் பலவற்றிடம் நன்னடத்தை விதிகள் இருந்தன என்பது நினைவில் வைக்கத்தக்கது.

தொடக்கப் பள்ளியில் என்னுடன் பயின்ற பெண்ணொருத்தி பத்தாம் வகுப்போடு படிப்பை விடுத்து ஓர் ஆலைக்குச் சென்றாள். விடுமுறையில் அவளைக் கண்டபோது, பார்வையிட வருவோரிடம் நீங்கள் உண்மையைக் கூறலாகாதோ என வினவினேன். அவர்கள் வரும் நாள் முன்னரே தெரியுமென்றும், கூற வேண்டிய விடைகளை மேற்பார்வையாளர் முதல்நாளே கற்பித்துவிடுவரென்றும், வந்தவர் அன்று மாலையே சென்றுவிடத் தான் அங்கேயே இருத்தல் வேண்டுமென்றும் அவள் கூறினாள். அதன்மேல் வினவ எனக்கு நா எழவில்லை.

தணிக்கை பிழைபடுதற்குரிய காரணங்கள் அவள் விடையிலேயே அடங்கியுள்ளன. பாகிஸ்தானத்துக் கராச்சி நகரில் 2012 செப்டம்பரில் ஆடைத் தொழிற்சாலையொன்று தீப்பற்றி 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே அத்தொழிற்சாலை நற்சான்று பெற்றிருந்தது! ஆராயப்படுவோனே ஆராய்வோனுக்குக் கூலி கொடுப்பானாயின், சான்றிதழ் சுவரில் தொங்கும். கதவு பூட்டியே இருக்கும்.

அங்ஙனமாயின் வாக்குறுதிகள் யாவும் வீணோ? அன்று. வங்காள தேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தபின், கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்தன. கையெழுத்திட்ட கம்பெனிகள் 200க்கு மேற்பட்டன. பார்வையிடப் பெற்ற தொழிற்சாலைகள் 1,600க்கு மேற்பட்டன. கண்ட குறைகள் வெளிப்படையாக அச்சாயின. வாக்குப் பிறழ்ந்ததாகச் சங்கங்கள் நடுவர்முன் வழக்கிட்ட கம்பெனியொன்று 2018 ஜனவரியில் 23 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டுண்டு. திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலையொன்றில் உழைத்த இளம்பெண்ணொருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இடைவிடாது போராடியதன் பயனாக, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை உருவாயிற்று. தொழிற்சாலைக்குரிய ஈஸ்ட்மென் எக்ஸ்போர்ட்ஸும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் முதலிய கம்பெனிகளும் அதற்கு உடன்பட்டன. பெண்கள்மீதான கொடுமையையும் சாதி வேற்றுமையையும் கண்டு கூறத் தொழிலாளருள்ளேயே கண்காணிப்போர் பயிற்சி பெற்றனர். தொழிற்சாலை தவறின் வாங்குவோர் வணிகத்தைக் குறைத்தல் வேண்டுமென்பதும் அதன் விதி.

இவ்விரு உடன்படிக்கைகளிலும் கம்பெனிகளைச் சட்டம் ஒன்றும் உள்ளே இழுத்து வரவில்லை. அவை தாமே வந்தன. ஆயினும், வந்தபின் நினைத்தபோது விலகும் வழி அடைபட்டது. வேறுபாடு இதுவே. புகுதல் விருப்பத்தாலாகலாம்; காத்தல் விருப்பத்தைப் பொறுத்ததாகலாகாது. ஆகவே எந்த வாக்குறுதியையும் மூன்று வினாக்களால் அளந்தறியலாம். ஆராய்வோன் யாருடைய கூலியாள்? துன்புற்றவள் அச்சமின்றி யாரிடம் முறையிடுவாள்? வாக்குப் பிறழ்ந்தவன் இழப்பது யாது?

தமிழ் பயில்வோராகிய நாம் திரு.வி.க. அவர்களின் நடையைப் போற்றுகின்றோம். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் அவர் ஆற்றிய பணியையும் உடன் நினைத்தல் நம் கடன். நம்மிற் சிலர் நாளை கம்பெனிகளில் அமர்ந்து இத்தகைய அறிக்கைகளில் ஒப்பமிடக் கூடும். அன்று, மூட்டைக்கருகில் நிற்கும் எங்கள் ஊர் உழவனை நினைத்துக்கொள்வோமாக. அவனுக்குள்ள அவ்வுரிமை நூற்பாலையில் நிற்கும் பெண்ணுக்கும் உண்டு.