விசுவாசமும் கிரியையும்

இறைவனின் சந்நிதியில் மனிதன் ஏற்றுக்கொள்ளப்படுவது அவனது விசுவாசத்தாலா, அவன் செய்த நற்கிரியைகளாலா? மேலைக் கிறிஸ்தவ சமயம் 16-ஆம் நூற்றாண்டில் பிளவுபட்டதற்கு இக்கேள்வி ஒரு முதன்மையான காரணம். வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது பண்டிதர்களின் சொற்போராகத் தோன்றலாம். ஆனால் இதைத் தம் நெஞ்சில் நெருப்பாகச் சுமந்தவர் ஒரு மடத்துத் துறவி.

1505-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இடியும் மின்னலுமாக இருந்த ஒரு நாள், வழிநடந்து வந்த மார்ட்டின் லூதர் என்ற இளைஞர், உயிர் பிழைத்தால் துறவு பூணுவதாக நேர்ந்துகொண்டார். ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தார். உபவாசம், கண்விழிப்பு, ஜபம் எதிலும் குறை வைக்கவில்லை. ஆயினும் மனம் அமைதி பெறவில்லை. மணிக்கணக்கில் பாவங்களை அறிக்கையிடுவார். முடித்த பின்னரும், விட்டுப்போனது ஏதேனும் உண்டோ என்று அஞ்சுவார். 'போதுமான அளவு செய்தாயிற்றா?' என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. அளவுகோல் இறைவனிடம் அல்லவா இருக்கிறது! சாதனையைக் கணக்கு வைத்துச் செய்யும் எவருக்கும் இந்த அச்சம் புதிதன்று.

பின்னர் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதபாடம் கற்பித்துவந்தபோது, ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் அவருக்கு வழி புலப்பட்டது. இறைவனின் நீதி என்றால் தண்டிக்கும் நீதி என்றே அதுவரை அஞ்சியிருந்தவருக்கு, அது விசுவாசிப்பவனுக்கு அருளால் இலவசமாக வழங்கப்படும் நீதி என்று விளங்கிற்று. 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். விவாதம் ஊரெங்கும் பரவியது. 1522-இல் வெளியான தமது ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மாத்திரம்' என்ற பொருள் தரும் சொல்லை விசுவாசத்தோடு சேர்த்தார். கண்டனங்கள் எழுந்தன. ஜெர்மன் மொழியின் இயல்பும் பவுலின் கருத்தும் அச்சொல்லைக் கேட்கின்றன என்று 1530-இல் அவர் மறுமொழி எழுதினார்.

ஆனால் தடை புதிய ஏற்பாட்டின் உள்ளேயே இருந்தது. 'விசுவாசம் மாத்திரம்' என்ற தொடர் அந்நூலின் கிரேக்க மூலத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது; அதுவும், அது மாத்திரம் போதாது என்று மறுப்பதற்காக! அந்த இடம் யாக்கோபின் நிருபம், 2-ஆம் அதிகாரம். லூதர் 1522-ஆம் ஆண்டு முன்னுரையில் அதனை வைக்கோல் நிருபம் என்று இகழ்ந்தார். அவ்வாசகம் பிற்காலப் பதிப்புகளில் இடம்பெறவில்லை. நிருபத்தை நூலின் இறுதிப் பகுதிக்குத் தள்ளினாரேயன்றி நீக்கவில்லை.

பவுலும் யாக்கோபும் உண்மையில் முரண்படுகிறார்களா? இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஒருவரையே, ஆபிரகாமை. ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில், பிள்ளையில்லாத முதியவரான அவர், நட்சத்திரங்களைப்போல் சந்ததி பெருகும் என்ற வாக்கை நம்புகிறார். அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. விருத்தசேதனக் கட்டளை வருவதோ 17-ஆம் அதிகாரத்தில். ஆகவே, அச்சடங்குக்கு முன்பே அவர் ஏற்கப்பட்டார் என்பது பவுலின் வாதம். யாக்கோபு 22-ஆம் அதிகாரத்துக்குச் செல்கிறார். அங்கே ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்துகிறார். அந்தச் செயலில் பழைய விசுவாசம் நிறைவு பெற்றது என்று கூறி, யாக்கோபும் அதே 15-ஆம் அதிகார வாசகத்தையே மேற்கோள் காட்டுகிறார்.

யாரிடம் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் முடிச்சு பெருமளவு தளரும். மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளாத புறஜாதியாருக்கு இடமில்லை என்போருக்குப் பவுல் விடையிறுக்கிறார். உடையும் உணவும் இன்றி நிற்பவனை நல்வாக்கு மட்டும் கூறி அனுப்பிவிட்டு, 'எனக்கு விசுவாசம் உண்டு' என்போரை யாக்கோபு கடிகிறார். கடவுள் ஒருவர் என்பதைப் பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்கிறார்! வெறும் ஒப்புதலையே அவர் மறுக்கிறார். பவுலோ கலாத்தியருக்கு எழுதுகையில், அன்பின் வழியாகச் செயல்படும் விசுவாசத்தைப் பேசுகிறார். (தமிழ் வேதாகமத்தின் 'கிரியை' எல்லாச் செயலையும் குறிக்கும், சைவ நூல்கள் வழிபாட்டைக் குறித்து ஆளும் கிரியையோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.)

லூதரும் கிரியையை வேண்டாமென்று தள்ளியவர் அல்லர். அதே 1522-ஆம் ஆண்டு நூலில், ரோமர் நிருபத்துக்கான முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓய்வறியாதது, நன்மை செய்யாமல் இருக்க அதனால் இயலாது என்ற கருத்தை எழுதினார். அவருக்கு நற்செயல் கனி, வேர் அன்று.

1541-இல் ரீகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பு இறையியலாளரும் கூடி, நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு பொது வாசகத்தை எட்டினர். திருவிருந்து முதலியவற்றில் பேச்சு முறிந்தது. எட்டிய வாசகத்தையும் ரோமாபுரி ஏற்கவில்லை, லூதரும் ஏற்கவில்லை. 1547 ஜனவரியில் டிரெண்ட் சங்கம் 'விசுவாசத்தால் மாத்திரம்' என்பதை, மனிதனின் ஒத்துழைப்பையே மறுக்கும் பொருளில் கொள்வோரைக் கண்டித்தது. அச்சங்கத்தின் முதல் விதியோ, அருளின்றித் தன் கிரியைகளாலேயே நீதிமானாகலாம் என்பவனைக் கண்டிக்கிறது! இரு தரப்பினரும் எதிராளியின் மறுப்பை நன்கு கேட்டனர். அவரது ஒப்புதலைக் கேட்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அதைக் கேட்க நான்கரை நூற்றாண்டுகள் ஆயின. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியாலன்று, அருளால், விசுவாசத்தின் மூலம் என்றும், அவ்வருளே நற்கிரியைகளுக்கு அவனை ஆயத்தப்படுத்துகிறது என்றும் இருவரும் ஒப்பினர். மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் அதில் இணைந்தன. பின்னதன் கையெழுத்து லூதர் பிரசங்கித்த விட்டன்பர்க் ஆலயத்திலேயே நிகழ்ந்தது. நற்செயலுக்குப் 'பலன்' உண்டு எனக் கத்தோலிக்கர் கூறுவதை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் வேறுபாடு இன்னும் உண்டு. திருவிருந்து மேசை ஒன்றாகவில்லை.