வாயில்லா உயிருக்கு அபயதானம்

சீவகசிந்தாமணி கற்றோர், குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை மறவார். பிறர்க்கென அமைத்த சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் துடித்த அந்நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனையே கொலையினின்று காத்தது. எவ்வுயிரும் உயரும் தகுதி உடையது என்பதே இதன் பாடம்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை. ஆதரவற்ற நாயைக் காப்பதில் இவற்றுள் மூன்று அடங்கிவிடுகின்றன.

நம் நாட்டில் இத்தொண்டுக்கு முன்னோடி, கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு. தெருநாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து பெருக்கத்தைக் குறைக்கலாம் என்று அது வலியுறுத்தியது. 2001இல் இம்முறை மைய அரசின் விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன. அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் நாய்க்கு மட்டுமன்றி, தெருவில் விளையாடும் நம் குழந்தைகளுக்கும் காப்பு. ஆனால் மருந்துக்கும் பராமரிப்புக்கும் பொருள் வேண்டுமே!

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலை நாடி நம் குடும்பங்கள் பல செல்கின்றன. கோவில்பட்டி வழியே செல்வோர் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கித் தென்காசி சேர்கின்றனர். கூட்டம் உள்ளவரை உணவு விடுதிகளின் மிச்சிலை உண்டு வாழும் நாய்கள், சாரல் ஓய்ந்து கூட்டம் கலைந்தபின் என் செய்யும்? நீராடி மகிழ்ந்த நாம் அவற்றிற்கும் ஒரு பங்கு வைக்க வேண்டாமா?

பொருள் திரட்டச் சில வழிகள்:

1. பிடி அரிசி: உலை வைக்குமுன் நாளும் 50 கிராம் அரிசியை எடுத்து வைத்தால், 30 இல்லங்களில் மாதம் 45 கிலோ சேரும்.

2. நோன்பு நிதி: அட்டமி, சதுர்த்தசி நாள்களில் விடுத்த உணவின் செலவை உண்டியலில் இடுதல். நோன்பும் தானமும் ஒருங்கே நிறைவுறும்.

3. கைவேலை: மகளிர் தைத்த துணிப்பைகளையும் சிறுவர் வரைந்த வாழ்த்து அட்டைகளையும் சாரல் காலத்தில் விற்றல். நெகிழிக் குப்பையும் குறையும்.

4. பழைய செய்தித்தாள்களைத் திரட்டி விற்றல்.

குலுக்கல் சீட்டு மட்டும் வேண்டா. தமிழகத்தில் பரிசுச்சீட்டு 2003இல் தடை செய்யப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, சூது ஏழு வியசனங்களுள் ஒன்று. அறத்திற்கான பொருள் அறவழியிலேயே வருதல் வேண்டும். திரட்டியதைப் பதிவுபெற்ற அமைப்பிடம் சேர்த்துப் பற்றுச்சீட்டுப் பெறுக. வரவு செலவைச் சங்கத்தில் படித்துக் காட்டுக.

இங்கிலாந்தின் சுலோ இரயில் நிலையத்தில் ஜிம் என்னும் நாய் முதுகில் உண்டியல் சுமந்து, இரயில்வே ஊழியரின் கைம்பெண்டிர்க்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் நிதி திரட்டியது. காசு விழுந்தால் குரைத்து நன்றி கூறும். 1896இல் அது இறந்தபின், அதன் உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றினர். மனிதர்க்காக ஒரு நாய் உண்டியல் சுமந்தது. நாய்க்காக நாம் ஓர் உண்டியல் வைக்கலாகாதா?

சிந்தனைக்கு: நம் இல்லத்தில் இம்மாதம் தொடங்கக்கூடிய வழி யாது? குழந்தைகளுடன் கலந்து பேசி முடிவு செய்க.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!