நீரிழிவும் விழித்திரையும்

நீரிழிவினால் காலில் ஆறாப் புண் உண்டாகும் என்பதைக் கிராமத்தார் பலரும் அறிவர். அதே நோய் கண்ணின் உட்புறத்தையும் அரித்துவிடும் என்பதை அறிந்தோர் சிலரே.

கண்ணின் பின்சுவரில் மெல்லிய சவ்வாக அமைந்துள்ள விழித்திரையே ஒளியை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது. அதற்குப் பிராணவாயுவைக் கொணர்பவை மயிரினும் நுண்ணிய தந்துகிகள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து பல்லாண்டுகள் நிலைத்திருப்பின் இத்தந்துகிகளின் சுவர் வலுவிழக்கிறது. ஆங்காங்கே சிறு புடைப்புகள் தோன்றுகின்றன. அவற்றினின்று இரத்தமும் கொழுப்பும் கசிகின்றன. கூர்மையான பார்வைக்கு நிலைக்களமான மஞ்சள் புள்ளியில் இக்கசிவு தேங்கினால் எழுத்துக்கள் மங்கும். வேறு சில தந்துகிகள் அடைபட்டுப்போகின்றன. பிராணவாயு கிட்டாத விழித்திரை, புதுக் குழாய்களை முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இக்குழாய்கள் உதவிக்கு வந்தனவேயாயினும் உபத்திரவமாகவே முடிகின்றன. அவை எளிதில் உடைந்து கண்ணினுள் இரத்தத்தைப் பெருக்குகின்றன. அவற்றோடு வளரும் வடு சுருங்கி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுகிறது.

இவ்வளவும் நிகழும்போது வலியில்லை, கண் சிவப்பதுமில்லை. புதுக் குழாய்கள் படர்ந்த கண்ணுடையவர்கூட எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடக்கூடும். ஆகவே, பலகையை மட்டும் காட்டி, 'கண் நன்றாயிருக்கிறது' என்று அனுப்பிவிடுதல் நீரிழிவுக்காரருக்கு இழைக்கும் பெருந்தீங்காகும். சொட்டுமருந்தினால் பாவையை விரித்து, 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய விழிநோக்கியின் வழிவந்த கருவிகளாலோ, விழித்திரையைப் படமெடுக்கும் காமிராவாலோ உட்புறத்தைக் காணுதல் வேண்டும். இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவுக்காரரில் 16.9 சதவீதத்தினரிடம் இவ்விழித்திரை நோய் காணப்பட்டது.

நடுவயதில் வரும் நீரிழிவு, கண்டறியப்படுமுன்னரே சில ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடும். ஆதலின் நோய் தெரிந்தவுடனேயே கண்ணையும் சோதித்து, பின்னர் ஆண்டுதோறும் சோதிப்பது முறை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பள்ளிச் சிறுவர்க்கு, நோய் தோன்றி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள், ஏறக்குறைய பதினொரு வயதிலிருந்து, சோதனை தொடங்கலாம். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் தாமதம் கூடாது. சர்க்கரை ஏறி இறங்குகையில் பார்வை தற்காலிகமாக மாறுவதும் உண்டு. அவ்வேளையில் வாங்கும் மூக்குக்கண்ணாடி பெரும்பாலும் வீண் செலவு.

லேசர் சிகிச்சையைப் பற்றித்தான் தவறான எண்ணம் மிகுதி. முற்றிய நோயில் கடும் பார்வையிழப்பை இச்சிகிச்சை பாதிக்குமேல் குறைப்பதாக அமெரிக்க ஆய்வொன்று 1976-இல் காட்டியது. எனினும் அது இழந்த பார்வையை மீட்பதற்கன்று, எஞ்சியதைக் காப்பதற்கே. இதனை முன்கூட்டியே விளக்காவிடில், "பணமும் போயிற்று, பார்வையும் தெளியவில்லை" என்று நோயாளி பாதியில் நின்றுவிடுவார். அவரைக் கண்டு அயலாரும் அஞ்சுவர். மஞ்சள் புள்ளி வீக்கத்திற்கு, முன்கூறிய புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணினுள் ஊசியாகச் செலுத்துகின்றனர். இதனால் பலருக்குப் பார்வை ஓரளவு தெளிகிறது; ஆயினும் ஊசியைப் பலமுறை போட நேரும்.

சிகிச்சையினும் மேலானது தடுப்பு. இன்சுலின் சார்ந்த நீரிழிவினரிடை நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோரிடம் இந்நோய் புதிதாகத் தோன்றுவது 76 சதவீதம் குறைந்தது. இரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் பயனளிக்கும் என்று 1998-இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

சொட்டுமருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கி, வெயில் கூசும். அன்று வண்டி ஓட்டலாகாது. துணைக்கு ஒருவரை அழைத்துவரச் சொல்லுதல் நலம். இச்செய்தியை முன்னதாகவே கூறாத முகாமுக்கு, மறு ஆண்டு பலர் திரும்பி வருவதில்லை.