மின்கிட்டார்: மரமும் நிறையும் சமநிலையும்

இசைக்கருவியைக் கேட்பவர் செவியால் மதிப்பிடுகிறார். அதைத் தோளில் மாட்டி நெடுநேரம் நின்று வாசிப்பவரோ தோளாலும் மதிப்பிட வேண்டியிருக்கிறது. சாதாரண கிட்டாரின் உடல் உள்ளீடற்ற பெட்டி. மின்கிட்டாரின் உடலோ பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. ஆகவே மரத்தின் அடர்த்தியே அதன் நிறையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

நிறை

உலர்ந்த மரங்களின் சராசரி அடர்த்தி, கன மீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில், ஏறத்தாழப் பின்வருமாறு: பாஸ்வுட் 415, ஆல்டர் 450, ஹோண்டுராஸ் மகாகனி 590, வெள்ளை ஆஷ் 675, கடின மேப்பிள் 705.

உடற்பகுதியின் கன அளவு 4 லிட்டர் எனக் கொள்வோம். ஆல்டரில் செய்தால் அதன் நிறை 1.8 கிலோ, வெள்ளை ஆஷில் செய்தால் 2.7 கிலோ. வடிவம் ஒன்றே, வேறுபாடோ 900 கிராம்! ஆஷ் மரத்திலேயே சதுப்பு நிலத்தில் வளர்ந்ததன் அடிமரம் இலேசாக இருப்பதால் அதைத் தேடி வாங்குவர்.

1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பால் கிட்டார், தடித்த மகாகனியின் மேல் மேப்பிள் ஒட்டப்பட்டது. அவற்றுள் பல 4 கிலோவுக்கு மேல் நிறையுடையவை. 1980களில் மகாகனியின் உட்புறத்தில் துளைகளிட்டு நிறையைக் குறைக்கத் தொடங்கினர்.

சமநிலை

அப்படியானால் மிக இலேசான மரமே சிறந்ததன்றோ என்று கேட்கலாம். அன்று. கிட்டாரின் கழுத்து தந்திகளின் இழுப்பைத் தாங்க வேண்டும். எனவே மேப்பிள் போன்ற உறுதியான மரத்தால் செய்யப்படுகிறது. விரற்பலகைக்கு நம் தென்னிந்திய ஈட்டி மரமும் பயன்படுகிறது, அதுவும் கனமானதே. கழுத்தின் நுனியில் உலோகத்தாலான சுருதித் திருகுகள் ஆறு. இந்நிலையில் உடலை மட்டும் இலேசாக்கினால் ஈர்ப்பு மையம் கழுத்துப் பக்கம் நகரும். கழுத்து கீழே சாயும். தந்தியை அழுத்த வேண்டிய இடக்கை, கருவியைத் தூக்கிப் பிடிக்கும் கையாகிவிடும்.

மரம் மட்டுமே இதற்குக் காரணமன்று. கிப்சன் எஸ்.ஜி. மகாகனியால் ஆனதே; எனினும் உடல் மெல்லியது, கழுத்து வெளியே நீண்டது. அதனால் கழுத்து சாயும் இயல்புடையது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலோ மேற்கொம்பு ஏறத்தாழப் பன்னிரண்டாம் மெட்டுவரை நீள்கிறது. வார் மாட்டும் குமிழ் அதன் நுனியில் இருப்பதால், இலேசான ஆல்டர் உடலிலும் சமநிலை கெடுவதில்லை.

பரிகாரம்

வெள்ளிக்கோலின் தத்துவம் இங்கே உதவுகிறது. நிறையையும் தொலைவையும் பெருக்கி வருவது திருப்புத்திறன். சமநிலைப் புள்ளியிலிருந்து 60 செ.மீ. தொலைவிலுள்ள திருகுகளில் 100 கிராம் குறைப்பதும், மறுபக்கம் 20 செ.மீ. தொலைவில் 300 கிராம் கூட்டுவதும் ஒரே பயனைத் தரும். முன்னது தோளின் சுமையைக் குறைக்கிறது, பின்னது கூட்டுகிறது. எனவே இலேசான மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் இலேசான திருகுகளையும் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

தராசில் குறைந்த நிறை காட்டும் கருவி தோளில் நன்றாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. எவ்வளவு நிறை என்பதோடு, அந்நிறை எங்கே இருக்கிறது என்றும் கேட்பவரே நல்ல கருவியைத் தேர்வார்.