கணனியில் ஒலி வரவில்லையா?

இறைத்த நீர் கடைசிப் பாத்திக்கு வராவிட்டால் நாம் உடனே இயந்திரத்தைக் கழற்றுவதில்லை. வாய்க்கால் நெடுகச் சென்று உடைப்பைத் தேடுகிறோம். பிள்ளைகள் பாடம் கேட்கும் கணனியில் ஒலி நின்றாலும் அவ்வாறே தேடலாம். திருத்துநரிடம் கொடுக்கும் பணம் நமது ஒரு நாட் கூலி அல்லவா?

1. ஒலிபெருக்கியின் விளக்கு எரிகிறதா? ஆளியையும் ஒலியைக் கூட்டும் திருகையும் பாருங்கள்.

2. மேசைக் கணனியின் பின்புறத்தில் 3.5 மில்லிமீற்றர் துளைகள் உண்டு. ஒலிபெருக்கியின் வயர் பச்சைத் துளையில் இறுக்கமாக இருக்கவேண்டும். இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்குரியது.

3. விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்துங்கள். ஒலி அடைக்கப்பட்டிருந்தால் திறந்துவிடுங்கள். வேறு சாதனம் தெரிவாகியிருந்தால் மாற்றுங்கள்.

4. பச்சைத் துளையில் ஹெட்போனைச் செருகுங்கள். அதில் ஒலி கேட்டால் கணனியில் பிழையில்லை. பழுது ஒலிபெருக்கியில் அல்லது அதன் வயரில் உள்ளது. கேட்காவிட்டால் கணனியை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பாருங்கள். புதிய ஒலிபெருக்கி வாங்க அவசரப்படவேண்டாம்.

5. வயரை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம். அநேகமாகச் செருகியின் அருகிலேயே அறும். ஈயம் வைத்து ஒட்டினால் போதும்.

எச்சரிக்கை: கணனிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைத் திறக்கவேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதனுள் மின் தங்கியிருக்கும்.

இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின் திருத்துநரிடம் செல்லுங்கள். ஆனால் எவற்றைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று அவரிடம் கூறுங்கள். விடயம் தெரிந்தவரிடம் தேவையற்ற பொருளை விற்பது எளிதன்று.